பழுது குடிபெயரும் படலம்

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றத்தான் முடியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த விதியின் இரண்டாம் பாகமும் தெரியும். பழுதையும் அழிக்க முடியாது. ரேடியேட்டரில் விரட்டினால் ஹோஸுக்குப் போகும். ஹோஸில் விரட்டினால் வாட்டர் பம்பில் போய் உட்காரும். அட்வான்ஸ் கொடுத்துவிட்ட வாடகைக்காரர் ஒரே காம்பவுண்டுக்குள் மாடிக்கும் கீழுக்குமாக மாறிக்கொண்டிருப்பாரே தவிர, காலி செய்ய மாட்டார். ஆற்றலுக்கும் பழுதுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். ஆற்றலைப் புதிதாக ஆக்க முடியாது. பழுதை ஆக்கலாம்; அதற்கு உற்சாகமான பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் போதும். எனக்கு இரண்டு பேர்.

எங்கள் வண்டி ப்ரீமியர் பத்மினி. ஆர்.சி. புத்தகத்தில்தான் பத்மினி, தெருவுக்கு அது ஃபியட். இத்தாலியில் ஃபியட் 1100 ஆகப் பிறந்து, பம்பாய் குர்லாவில் தயாராகி, 1972இல் ‘ப்ரீமியர் பிரசிடெண்ட்’ என்று பெயர் பெற்று, 1974இல் சித்தூர் ராணியின் பெயரால் ‘பத்மினி’ ஆனது. உலகம் முழுக்க மன்னராட்சி போய்க் குடியரசு வந்துகொண்டிருந்த காலத்தில், ஜனாதிபதியாக இருந்து ராணியான ஒரே பிரஜை இந்தக் கார்தான். அந்த ராஜகுணம் இன்னும் போகவில்லை. காலையில் தானாக எழுந்திருக்காது.

இது என் மாமனார் கும்பகோணத்தில் வைத்திருந்த வண்டி. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து கார் வாங்கிய தலைமுறை அவர். மகள் பிறந்தபோது பதிவு செய்ததாகவும், அவள் ‘அ’னா ‘ஆ’வன்னா எழுதத் தொடங்கியபோது வண்டி வந்ததாகவும் சொல்வார். இரண்டு செல்வங்களையும் ஒன்றாகத்தான் வளர்த்தார். கண்புரை அறுவைக்குப் பிறகு இனி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும், “மாப்பிள்ளை, நீங்க பேங்க்ல இருக்கீங்க, பொறுப்பா பாத்துக்குவீங்க” என்று சாவியைக் கையில் கொடுத்தார். பேங்கில் இருப்பவனுக்கும் பத்மினிக்கும் என்ன பொருத்தம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. வாராக் கடனை வசூலாகும் என்று சொல்லிக்கொண்டே ஆண்டுக்கணக்கில் ஏட்டில் வைத்திருக்கும் பயிற்சியைத்தான் சொல்லியிருக்கிறார்.

வாரம் ஒருமுறை போன் செய்வார். முதல் கேள்வி, “வண்டி எப்படி இருக்கு?” இரண்டாவது, “ஆயில் பார்த்தீங்களா?” மூன்றாவதாகத்தான் மகள் வருவாள்.

திருச்சியில் வீடு வாங்குகிறவர்கள் காவிரித் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்கள், பஸ் வசதி பார்ப்பார்கள், வாஸ்து பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று யாரும் பார்ப்பதில்லை. எனக்கு இடது பக்கம் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். வலது பக்கம் பெல் பாய்லர் ஆலையில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தவர். இருவருக்கும் கையில் இல்லாத ஸ்பேனரைச் சுழற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. நடுவில் நானும், பத்மினியும்.

இப்போதைய கார்களில் இந்தப் பிரச்சினை இல்லை. பானட்டைத் திறந்தால் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி, அதன்மேல் கம்பெனி முத்திரை. அதைப் பார்த்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. பத்மினியில் அப்படியில்லை. 1089 சி.சி. இன்ஜின் நடுவில் நிற்க, சுற்றிலும் காற்றாட இடம். இது கார்புரேட்டர், இது டிஸ்ட்ரிபியூட்டர், இது பெட்ரோல் பம்ப் என்று எட்டாம் வகுப்புப் பையனுக்கும் விரல் நீட்டிக் காட்டலாம். எல்லாம் கண்ணுக்குத் தெரிவதால் எல்லோருக்கும் கருத்து இருக்கிறது. பானட் திறக்கும் அந்த ‘டக்’ சத்தத்துக்கு பொன்மலைக்காரர் வந்துவிடுவார். அவர் வந்தது தெரிந்தால் பெல்காரர் வராமல் இருக்க மாட்டார்.

போன கோடையில் ரேடியேட்டரின் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். எங்கள் மெக்கானிக் பாய் வருவதற்கு முன்பே சபை கூடிவிட்டது.

“ஒரு ஸ்பூன் மஞ்சத்தூள் போடு தம்பி, அடைச்சுக்கும்” என்றார் பொன்மலைக்காரர். லாரி டிரைவர்கள் காலங்காலமாகச் செய்யும் வைத்தியம் அது. தூள் ஊறிப் பருத்து ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும்.

“அடைக்கவேண்டிய ஓட்டையை மட்டும் அடைக்கணும்னு மஞ்சத்தூளுக்கு யார் சொல்லுவா?” என்றார் பெல்காரர். நியாயமான கேள்வி. ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓடவேண்டிய குழாய்களும் ஓட்டைகள்தானே. ஆனாலும் அதற்குள் சமையலறையிலிருந்து மஞ்சள் டப்பா வந்து, அன்றைய சாம்பார் நிறமில்லாமல் போனது.

மறுநாள் பாய் ரேடியேட்டரைக் கழற்றிக்கொண்டுபோய் ஈயம் வைத்து அடைத்து வந்தார். அத்தோடு மூடியையும் மாற்றச் சொன்னார். பழைய மூடியின் ரப்பர் வாஷர் எப்போதோ உயிரை விட்டிருந்தது. இங்கே பெல்காரர் ஒரு வகுப்பெடுத்தார். ரேடியேட்டர் மூடி என்பது சும்மா மூடியல்ல. அது ஒரு அழுத்த வால்வு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி உள்ளே அரை கிலோ அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் 111 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். இன்ஜின் சூடானாலும் தண்ணீர் பொங்காமல் இருப்பது அதனால்தான். எல்லோரும் தலையாட்டினோம். புது மூடி போட்டோம். பல ஆண்டுகளுக்குப் பிறகு பத்மினியின் உடம்பில் முறையான அழுத்தம் ஏறியது.

ஏறிய அழுத்தம் நேரே மேல் ஹோஸுக்குப் போய் அதைப் பிளந்தது. அழுத்தமே இல்லாமல் சுகமாக வாழ்ந்த ஹோஸ் அது. மூடி கெட்டிருந்ததால்தான் அது பிழைத்திருந்தது. புது ஹோஸ் போட்டதும் வாட்டர் பம்பின் சீல் கசிந்தது. பம்பை மாற்றியதும் சிலிண்டர் பிளாக்கின் பக்கவாட்டில் துருப்பிடித்துத் தகடாகத் தேய்ந்திருந்த வெல்ச் பிளக் ஊசிமுனை அளவுக்கு ஒரு ஊற்றைத் திறந்தது. பொன்மலைக்காரர் அந்த மெல்லிய நீர்க்கம்பியை நெடுநேரம் பார்த்துவிட்டு, “இப்பதான் உண்மையான இன்ஜின் மாதிரி இருக்கு” என்றார். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜினையே புதிதாகச் செய்துகொடுத்த பணிமனையில் இருந்தவர். ஆவி விடாத எதையும் அவர் இன்ஜின் என்று ஒப்புக்கொள்வதில்லை.

“இதோட வெறும் தண்ணியை நிறுத்திட்டு கூலன்ட் ஊத்திடலாமா பாய்?” என்று கேட்டேன்.

பாய் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தார். “ஊத்தலாம் சார். ஆனா இத்தனை வருஷத் துருவும் உப்பும்தான் உள்ள நிறைய இடத்தை அடைச்சு வெச்சிருக்கு. கூலன்ட் அதையெல்லாம் கழுவி விட்டா, எங்கெங்க லீக் இருக்குன்னு வண்டியே நமக்குச் சொல்லிடும்.” கொஞ்சம் நிறுத்தி, “நமக்கு அவ்வளவு விஷயம் தெரியணுமா சார்?” என்றார். இதைவிடத் தெளிவாக முதுமையைப் பற்றி எந்த மருத்துவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மின்சாரத் துறையிலும் இதே விதிதான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் என்று ஒரு ஜோடி உலோகப் பொட்டு இருக்கிறது. அவை பிரியும் ஒவ்வொரு முறையும் ஒரு பிளக்கில் பொறி. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், அந்தப் பொட்டுகள் விநாடிக்கு 100 முறை பிரிந்து சேர வேண்டும். அப்படிப் பிரிந்து சேர்ந்ததில் கருகிவிட்டால் உப்புத்தாளை மடித்து நடுவில் விட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு இடைவெளி வைக்க வேண்டும். அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக. அதை அளக்க ஃபீலர் கேஜ் என்ற கருவி உண்டு. அது கிடைக்காத நேரத்தில் பாய் கல்யாணப் பத்திரிகையைக் கிழித்து நுழைத்துப் பார்ப்பார். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நடுத்தரக் குடும்பத்துப் பத்திரிகையாக இருக்க வேண்டும். வெல்வெட் ஒட்டி, பிள்ளையார் புடைத்து நிற்கும் பணக்காரப் பத்திரிகையை வைத்தால் இடைவெளி அதிகமாகி வண்டி இருமும். மொய் எவ்வளவு எழுதலாம் என்பதையும் எங்கள் வீட்டில் இந்தக் கணக்கை வைத்தே முடிவு செய்கிறோம்.

பாயிண்ட் சரியானதும் வண்டி துள்ளி ஓடியது. ஓடியதில் பிரேக் நினைவு வந்தது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். முன் சக்கரத்து வீல் சிலிண்டருக்குப் புது ரப்பர் போட்டதும் மிதியில் நல்ல பிடிப்பு வந்தது. அந்தப் பிடிப்பைத் தாங்க முடியாமல் மாஸ்டர் சிலிண்டரின் பழைய ரப்பர் ராஜினாமா செய்தது. பெல்காரர் இதற்கெல்லாம் கலங்குவதில்லை. “சங்கிலியில ஒரு கண்ணியை மாத்தினா இழுவை அடுத்த கண்ணிக்குப் போகும் சார், இது தியரி” என்பார். தியரிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மாஸ்டர் சிலிண்டருக்கு உண்டு.

இத்தனைக்கும் நடுவில் உண்மையான நிபுணர் சமையலறையில் இருக்கிறார். என் மனைவி இந்த வண்டியின் பின்சீட்டில் வளர்ந்தவள். அடுப்படியிலிருந்தே, “என்னங்க, மூணு சிலிண்டர்லதான் ஓடுது, பிளக்கைப் பாருங்க” என்று குரல் கொடுப்பாள். நாங்கள் மூன்று பேர் குனிந்து முகர்ந்து பார்த்தும் கண்டுபிடிக்காததை அவள் தாளிக்கும் சத்தத்துக்கு நடுவில் கண்டுபிடிப்பாள். சோக்கை எவ்வளவு இழுப்பது, எப்போது விடுவது என்பது அவள் கைக்குத்தான் தெரியும். ஸ்டியரிங்கை ஒட்டி நிற்கும் கியர் கம்பியை அவள் ஒரு விரலால் தள்ளுவாள். நான் தள்ளினால் தெருக்கோடி வரை கேட்கும். ஆனால் பானட்டுக்கு முன்னால் கூடும் சபைக்கு அவள் வருவதில்லை. “அங்க ரிப்பேரா நடக்குது? பேச்சுத்தானே நடக்குது” என்பது அவள் வாதம். தன் பங்காக மஞ்சள்தூள், பிளக்கைத் தேய்க்கப் பழைய பல் பிரஷ், பெட்ரோல் டேங்க் கசிந்தபோது தடவத் துணி சோப்பு ஆகியவற்றை இழந்திருக்கிறாள். சோப்பு தண்ணீரில் கரையும், பெட்ரோலில் கரையாது. கசிவின் வாயில் அழுத்தித் தேய்த்தால் மெக்கானிக்கிடம் போய்ச் சேரும்வரை நிற்கும். வெள்ளைத் துண்டு மட்டும் அவள் இன்னும் மன்னிக்காத இழப்பு.

அது அக்னி நட்சத்திரத்தில் நடந்தது. சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது வண்டி நின்றது. பெட்ரோல் இருக்கிறது, பொறி இருக்கிறது, ஆனால் ஓடாது. பத்மினியின் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு, அதன் சூட்டை முழுக்க வாங்கிக்கொள்ளும். பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரி வாக்கிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். திருச்சி வெயில் அதற்கு முன்பே அந்த இடத்துக்கு வந்து காத்திருக்கும். பம்ப் திரவத்தை இழுக்கும். ஆவியை இழுக்கத் தெரியாது. வைத்தியம் எளிது. துண்டை நனைத்து பம்பின்மேல் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். போட்டேன். தர்பூசணி வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, “காய்ச்சலா சார்? நெத்தியில போடாம இங்க போட்டிருக்கீங்களே” என்றார். காய்ச்சல் இறங்கியது. துண்டு மட்டும் திரும்ப வெள்ளையாகவில்லை.

சாமான் வாங்குவது தனிப் படலம். பத்மினி தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. ஆனால் பம்பாயில் கறுப்பு மஞ்சள் டாக்ஸிகளாக ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்ததால் சாமானுக்குப் பஞ்சமில்லை. 2023 அக்டோபரோடு அங்கே கடைசி பத்மினி டாக்ஸியும் வயது வரம்பு முடிந்து ஓய்வு பெற்றுவிட்டது. இப்போது கதி சென்னைப் புதுப்பேட்டை. காரை முழுதாக உள்ளே விட்டால் கதவு ஒரு கடை, கண்ணாடி ஒரு கடை, கியர் பாக்ஸ் ஒரு கடை என்று பிரிந்து நிற்கும் ஊர் அது. அங்கே தர்க்கம் தலைகீழாக நடக்கும்.

“ஒரிஜினல் இருக்கா?”

“இருக்கு சார், பழசு.”

“புதுசு?”

“அது டூப்ளிகேட் சார்.”

ஆக, ஒரிஜினல் என்றால் ஏற்கெனவே இன்னொரு பத்மினியில் தேய்ந்தது. புதியது என்றால் இனிமேல் தேயப்போவது, ஆனால் வேகமாக. பலமுறை யோசித்து ஒரிஜினலையே வாங்குவேன். அதாவது, முகம் தெரியாத யாரோ ஒருவர் வண்டியிலிருந்து பழுதைக் காசு கொடுத்து இறக்குமதி செய்கிறேன். என் வண்டியிலிருந்து மட்டும் ஏற்றுமதி நடப்பதாகத் தெரியவில்லை.

இதற்கிடையே பெட்ரோலும் மாறிவிட்டது. பத்மினிகள் வந்த காலத்தில் பெட்ரோலில் ஈயம் இருந்தது. அது வால்வுகள் உட்காரும் இடம் தேயாமல் பாதுகாத்தது. நம் உடம்பைப் பாதுகாக்க 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயத்தை நிறுத்தினார்கள், நல்ல காரியம். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வடிப்பது. பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் அது ஊறவைத்து இளக்கிவிடும். காற்றிலிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். வாழ்நாள் முழுக்க ஒழுக்கமாக இருந்த வண்டி, வயதான காலத்தில் குடிக்கப் பழகியிருக்கிறது. கும்பகோணத்தில் இதை இன்னும் யாரும் சொல்லவில்லை.

அரசாங்கமும் தன் பங்குக்குப் பழைய வண்டிகளைக் கவனித்துக்கொள்கிறது. சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருஷம். பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, அதன் பிறகும் ஏறியிருக்கிறது. பசுமை வரி தனி. பேங்க் வழக்கப்படி ஆண்டுதோறும் தேய்மானம் போட்டுப் பார்த்தால் வண்டியின் மதிப்பு எப்போதோ பூஜ்யத்தைத் தொட்டுவிட்டது. ஆக, பூஜ்யம் ரூபாய் சொத்தை வைத்திருக்க ஆயிரக்கணக்கில் கட்டுகிறேன். இப்படி ஒரு வாடிக்கையாளர் என் கவுண்ட்டருக்கு வந்தால் மேனேஜரைக் கூப்பிடுவேன்.

பொங்கலுக்கு மாமனார் வந்தார். சபை முழுவதும் ஆஜர். பொன்மலைக்காரர் சலவைச் சட்டையில், பெல்காரர் கைகட்டி, பாய் ஸ்பேனரோடு. மாமனார் யாரிடமும் பேசாமல் பானட்டைத் திறந்து குனிந்தார். டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஹோஸை அமுக்கினார். ஃபேன் பெல்ட்டைச் சுண்டினார். கிரீஸ் நிப்பிள்களைத் தடவினார். பிறகு சாவி போட்டு ஸ்டார்ட் செய்து, கண்ணை மூடிக் கேட்டார்.

“மாஸ்டர் சிலிண்டர் புதுசு. வாட்டர் பம்ப் புதுசு. ஹோஸ் புதுசு. டிஃபரென்ஷியல்ல லேசா ஒரு ஊளை கேக்குது, இல்லையா?”

“ஆமா மாமா. போன மாசத்துலேருந்து.”

“அது அங்கயே இருக்கட்டும். தொடாதீங்க. இடம் தெரிஞ்ச பழுது நல்ல பழுது. அதைத் துரத்தினீங்கன்னா எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது” என்றார். நான் இவ்வளவு செலவு செய்து கண்டுபிடித்த விதியை அவர் கும்பகோணத்திலேயே கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல் வண்டியோடு எனக்குக் கொடுத்திருக்கிறார். பொன்மலைக்காரர் முதல்முறையாக ஒருவரைக் கைகூப்பி வணங்கியதைப் பார்த்தேன்.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டே மாமனார் தொண்டையைச் செருமினார். “ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க மாப்பிள்ளை. பார்க்கவே சந்தோஷமா இருக்கு. அதனால ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். நம்ம வீட்டுத் திண்ணையோரம் ஒரு லாம்பிரெட்டா நிக்குதே, சின்ன மாப்பிள்ளைக்கு அதுல எல்லாம் அக்கறை கிடையாது…”

அடுத்த வாரமே கும்பகோணத்திலிருந்து ஒரு குட்டி யானையில் அது வந்து இறங்கியது. சக்கரம் தரையைத் தொடுவதற்குள் இரண்டு பக்கத்துக் கேட்டும் திறந்தன.

“டூ ஸ்ட்ரோக்கா?” என்றார் பெல்காரர், கண்கள் பளபளக்க.

மனைவி வாசலுக்கு வந்து வண்டியை ஒருமுறை பார்த்தாள், எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தாள். உள்ளே போய் மஞ்சள் டப்பாவை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.